டெம்ப்பில் ஒரு பிள்ளையார்

அக்டோபர் 23, திங்கள்

ஆபீஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். கருமம். உள்ளே எதுவோ செத்துப் போயிருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறோம் என்று காலையிலிருந்து ஆளாளுக்கு அவரவர் மேசையைத் துடைத்தார்கள், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார்கள், நாற்காலிக்குக்கூடப் பொட்டு வைத்தார்கள். ஃப்ரிட்ஜை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. ஏனென்றால் அது பொது. இங்கே பொது என்றால் எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். பெயர் எழுதாத டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டினேன். ஒன்றில் தயிர்சாதம் பச்சை ரோமம் முளைத்துக் கிடந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை.

மாலையில் பூஜை. முதலாளி ராமானந்தம் பட்டு வேட்டியில் வந்து தானே மணியடித்தார். பக்தி விஷயத்தில் அவர் மகா கறார். பில்டு மெஷினுக்கு மாலை போட்டார்கள். நாங்கள் ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. ஆளுக்கொரு துண்டாக எழுதுவதையெல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுவது அந்த மெஷின்தான். வருஷம் முழுக்க ஓடும். இன்று ஒரு நாள் மட்டும் அணைத்து வைப்பார்கள். அதற்கும் ஓய்வு வேண்டுமாம்.

விளக்கை அக்கவுண்ட்ஸ் பெண் ஏற்றினாள். நான் பொரிப் பொட்டலம் கட்டினேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பூஜையில் என் வேலை அதுதான். யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. எனக்கும் பொட்டலம் கட்டுவது பிடிக்கும்.

மேனேஜர் சபாபதி சார் இன்று பூஜை நடந்த இடத்துக்குள் வரவே இல்லை. கதவோரமாகவே நின்றார். திருநீற்றை நீட்டியதற்கு, “கை ஈரமா இருக்குதுங்க” என்று நகர்ந்துகொண்டார். ஜலதோஷம் போல.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. லீவு நாள்தான். ஆனாலும் எல்லாரும் வந்து வேலையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். வாசலில் நேற்று உடைத்த பூசணிக்காயில் ஈ மொய்க்கிறது. உடைக்கிறவனுக்குக் கை இருக்கிறது, அள்ளுகிறவனுக்கு இல்லை.

நல்ல நேரத்தில் மெஷினைப் போட்டார்கள். முதல் பில்டை எப்போதும் சபாபதி சார்தான் ஓட்டுவார். இன்று நாற்காலியை இழுத்தவர், உட்காராமல் புதுப்பெண் அபிஷாவைக் கூப்பிட்டார். தெற்குக் கோடியில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். கான்ட்ராக்டில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறாள். காதில் எப்போதும் ஒரு பென்சில்.

“கண்ணு, இன்னைக்கு நீ போணி பண்ணு. உன்ற கை ராசியான கையி.”

“நானா சார்? எனக்கிட்ட பயிற்சி அக்கவுண்டுதான் இருக்கு.”

“எதா இருந்தா என்னாயிப்போகுது? சும்மா ஒரு பில்டு போட்டுட்டு எந்திரி. நெசமானதை அப்பறம் நான் போட்டுக்கறேன்.”

அவர்கள் பின்னால் நான் சுண்டல் தட்டோடு நின்றேன். அபிஷா திரும்பி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சார் தன் பேரில் உள்ளே போய், லேபுகளுக்கு அனுப்ப வேண்டிய பில்டை ஓட்டினார்.

ராசியான கையாம். போகட்டும். இந்த வருஷச் சுண்டலில் உப்பு அதிகம்.

அக்டோபர் 25, புதன்

லேபுகளுக்குப் புது பில்டு போய்விட்டது. வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, வாளி, டம்ளர் வரைக்கும் பிடித்தேன்.

அக்டோபர் 28, சனி

உடுமலை லேப்காரர் போன். வாடிக்கையாளர் திட்டுகளை வாங்கிக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். முன்பு நானும் புரோகிராம் எழுதியவள்தான். இடையில் வருஷங்கள் போயின, அவர் போனார், பிறகு கிடைத்தது இந்த நாற்காலி.

“ஏனுங்க, நாங்க இங்கிருந்து ரிப்போர்ட்டு அனுப்பறோம், டாக்டருக்கு ஒண்ணும் போகலீங்களாமா? டெங்குக் காய்ச்சலுங்க! பிளேட்லெட் எத்தனைன்னு தெரியாம அந்த டாக்டர் என்னைய வாய்க்கு வந்தபடி பேசறாருங்க!”

ரிப்போர்ட்டைப் பேப்பரில் அச்சடித்து ஆளிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். வைத்தவுடன் தாராபுரம். பிறகு பொள்ளாச்சி. ரிப்போர்ட் எல்லாம் போகிறது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. ஃப்ரிட்ஜில் மறுபடியும் பெயரில்லாத டப்பா.

அக்டோபர் 30, திங்கள்

எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லா ரிப்போர்ட்டும் ஆபீசுக்குள்ளேயே, பயிற்சிக்கென்று ஒதுக்கிய ஒரு மெஷினில் வந்து குவிந்திருக்கிறது. அபிஷாவின் பேரில் உள்ள மெஷின்.

ராமானந்தம் கத்திய கத்தலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. “திருடி! சோறு போட்ட வீட்ல கன்னம் வெச்சிருக்கறா! நம்ம பொட்டலத்துக்குள்ள இவ மெஷின் அட்ரஸ் எப்புடிங்க வந்துச்சு? வெளியில எவனுக்கோ விக்கறதுக்கு வாரிப் போட்டிருக்கறா!”

லோகு மெஷின் பார்க்கிறவன். அவன் உள்ளே போய்ப் பார்த்து, பழைய கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு, சரியான அட்ரசோடு சார் பேரில் புது பில்டு கட்டி அனுப்பினான். அழித்ததில் அபிஷா பேரில் ஒரு கோப்பும் கிடந்ததாம். போதாதா! திட்டம் போட்டு வைத்தாள் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. குவிந்துகிடந்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கிறோம் என்று நாலைந்து பேர் அந்த மெஷினைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை. ஒருத்தன் பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்தான், இன்னொருத்தன், “கல்யாணம் ஆயிருச்சான்னு போட்டிருக்குதா பாரு” என்றான். சிரிப்பு. தூ! திரையை அணைத்தேன். “ஏங்க்கா, வேலை செய்ய வேண்டாமா?” என்றான் படித்தவன். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக் குளித்தேன், அப்படியும் அருவருப்பு தீரவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

விசாரணை மீட்டிங். முதலாளி, சபாபதி சார், லோகு, நான், எதிரே அபிஷா. காதில் பென்சில் இல்லை.

“பில்டு மெஷின்ல உனக்கென்னம்மா வேலை?” என்றார் முதலாளி.

“சார் தான் போணி பண்ணச் சொன்னாவ.”

“நானா?” என்றார் சபாபதி சார். “நான் அப்புடிச் சொல்லலீங்க. எனக்கு ஞாபகமே இல்லீங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நேரில் பார்த்தேன்.

“அவர் சொன்னதை யாராச்சும் கேட்டாங்களா?” முதலாளி மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். அபிஷா என் பக்கம் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். “தெரியல்ல சார்” என்றாள். நான் நின்றது அவளுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல். இந்த ஏ.சி.யைத் துடைத்து யுகமாகிறது.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்ன வீடு, பீளமேட்டில் ஹாஸ்டல். வாரக் கடைசிக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் திங்கட்கிழமை போலீசில் புகார். இருபத்திரண்டு வயசுப் பெண் மேல் திருட்டுக் கேஸ் விழுந்தால் அப்புறம் எவன் வேலை தருவான்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த ஆம்பளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மீட்டிங்கில் வைத்த சமோசா ஊசிப்போயிருந்தது, அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

நவம்பர் 1, புதன்

லோகுவை உட்கார வைத்து, பில்டு கட்டுகிற கருவியை வரி வரியாகத் திறந்து காட்டச் சொன்னேன். யாரோ வேலையை விட்டுப் போன மகராசன் எழுதியது. பார்க்கப் பார்க்கக் குமட்டியது.

விஷயம் இவ்வளவுதான். கருவி வேலையைத் தொடங்கும்போது, ரிப்போர்ட் எந்த அட்ரசுக்குப் போக வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கடைசியில் அந்தக் கோப்பை எடுத்துப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டும். எழுதி வைக்கிற இடம் டெம்ப் என்கிற பொதுத் தொட்டி. மெஷினில் நுழைகிற யாரும் அங்கே எதையும் வைக்கலாம். கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர், பிள்ளையார். முதலில் எழுதுவது என்பதால் அந்த மகராசன் பக்தியோடு அப்படி வைத்தானாம்! எங்கள் ஃப்ரிட்ஜேதான். எல்லாரும் ஒரே பெயரில் டப்பா வைப்பார்கள், எடுக்கிறவன் யாருடையது என்று பார்க்காமல் சாப்பிடுவான்.

மெஷினை அணைத்துப் போட்டால் டெம்ப் காலியாகிவிடும். அதன்பின் முதலில் ஓட்டுகிறவர் பேரில்தான் பிள்ளையார் உருவாகும். அவர் கோப்பின்மேல் மற்றவர் எழுத முடியாது. இத்தனை வருஷமும் பூஜை முடிந்து முதலில் ஓட்டியது சபாபதி சார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் அபிஷா ஓட்டினாள். பயிற்சி அக்கவுண்டு என்பதால் கருவியே அவளுடைய பயிற்சி மெஷினின் அட்ரசை எழுதியது. அடுத்து சார் ஓட்டியபோது கருவியால் அதன்மேல் எழுத முடியவில்லை. கிடந்ததை எடுத்துப் பொட்டலத்தில் கட்டிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

“எழுத முடியலைன்னா கருவி நின்னு கத்தியிருக்கணுமே, லோகு?”

அவன் தலையைச் சொறிந்தான். “கத்தும்ங்க்கா. முந்தியெல்லாம் சும்மா சும்மா கத்திக்கிட்டே கெடந்துச்சு. திரை பூரா எர்ரர். சார் திட்டுனாரு. அதான் ஒரு வரி போட்டு அதும்பட வாயை அடைச்சுட்டேன். இப்ப எது நடந்தாலும் சத்தம் போடாது.”

“நடக்கறது தப்புன்னு தெரிஞ்சும் சத்தம் போடாம வேலையை முடிச்சுக் குடுக்கும்.”

“ஆமாங்க்கா. கமுக்கமா முடிச்சுரும்.”

சீ, என்ன கருவியோ! ஆனால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இதை முதலாளிக்குக் காட்டினால் போதும், பெண் தப்பித்துவிடுவாள். வேறு எதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

நவம்பர் 2, வியாழன்

சபாபதி சார் வீட்டுக்குப் போன் போட்டேன். தீபாவளிக்கு அவர் மனைவியிடம் முறுக்கு மாவுக்கு அளவு கேட்பது வழக்கம்.

“எங்களுக்கு இந்த வருசம் தீவாளி இல்லீங்க வசந்தாமணி. பங்காளி வீட்ல பெரியவரு தவறிட்டாருங்களே. ஆயுத பூசைக்கு மொத நாளு. உங்களுக்குத் தெரியாதுங்களா? அவரு ஆபீஸ்ல சொல்லலீங்களா?”

சொல்லவில்லை. தீட்டோடு பூஜைக்கு வந்தால் ராமானந்தம் தோலை உரிப்பார். வராவிட்டால் மாலை போட்ட மெஷினை யார் தொடங்கி வைப்பது? அதனால் கதவோரம் நின்றிருக்கிறார். தன் கை ஆகாது என்று இன்னொரு கையைத் தேடியிருக்கிறார். பக்கத்தில் ஒரு கை சுண்டல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதே, அது அவர் கண்ணில் படவில்லை. படாது. ஒரு கைக்குத் தீட்டு என்றால் இன்னொரு கைக்கு வேறு பெயர்.

அவர் கெட்டவர் இல்லை. எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் போய், பத்து இடத்தில் என்னை வேண்டாமென்று அனுப்பியபோது, “நாளைக்கு வந்து சேருங்க அம்மிணி” என்று சொன்ன ஒரே ஆள் அவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அந்த உப்புதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

மிக்சி ஜார் மூடி உடைந்துவிட்டது.

நவம்பர் 3, வெள்ளி

முதலாளிக்குச் செய்தே காட்டினேன். லோகு டெம்ப்பைக் காலி செய்தான். என் சாதாரண அக்கவுண்டிலிருந்து பிள்ளையார் என்று ஒரு கோப்பு உண்டாக்கி, அதில் “வசந்தாமணி வீட்டு அடுப்படி” என்று எழுதினேன். பிறகு சபாபதி சார் தன் பேரில் பில்டு ஓட்டினார். கருவி வாயைத் திறக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தால், ஊரிலுள்ள ரிப்போர்ட்டெல்லாம் போக வேண்டிய அட்ரஸ், வசந்தாமணி வீட்டு அடுப்படி.

“பாருங்க சார். நான் எந்தப் பூட்டையும் உடைக்கல. இதை இங்க யார் வேணாலும் செய்யலாம். தெரியாமலேகூடச் செய்யலாம். அந்தப் பொண்ணு தெரியாமத்தான் செஞ்சிருக்கா.”

ராமானந்தம் மோதிரத்தைத் திருகிக்கொண்டே கேட்டார். “சரிம்மா. கதவு தொறந்து கெடந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அதுக்காக உள்ள புகுந்தவ திருடி இல்லீன்னு ஆயிருமா? அந்த மெஷின்ல இவளை உக்காரச் சொன்னது யாரு? அதைச் சொல்லு.”

சபாபதி சார் மின்விசிறியைப் பார்த்தார். லோகு என்னைப் பார்த்தான். நான் என் கோப்பையைப் பார்த்தேன், டீயில் ஆடை படிந்திருந்தது. ஆடை படிந்த டீயைக் கண்டாலே எனக்கு ஆகாது.

“யாரும் இல்லீல்ல? அப்ப திங்கக்கெழமை கம்ப்ளெய்ன்ட்டுதான்.”

இவ்வளவு பட்டவர்த்தனமாகக் காட்டியும் புரியாத மண்டை! என்ன ஜென்மங்கள்!

நவம்பர் 5, ஞாயிறு

இட்லி மாவு அரைத்தேன். பாத்ரூம் ஜன்னல் வலை துடைத்தேன். மழை.

அபிஷா மெசேஜ் அனுப்பியிருந்தாள். “அக்கா, போலீசு வந்தா ஹாஸ்டல்ல இருக்க விடுவாவளா? எனக்க அம்மைக்கு இன்னும் தெரியாது.”

“பயப்படாதே, கடவுள் இருக்கிறார்” என்று பதில் போட்டேன். போட்ட பிறகு அதை நானே படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாவு இன்று சரியாகப் பொங்கவில்லை.

நவம்பர் 6, திங்கள்

சொல்லிவிட்டேன்.

புகார்க் கடிதத்தில் கையெழுத்துப் போட முதலாளி பேனாவைத் திறந்தார். சாட்சியாக அடியில் சபாபதி சார் போட வேண்டும், அவர் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“சபாபதி சார்தான் அவளைப் போணி பண்ணச் சொன்னாரு. நான் கேட்டேன். பின்னாலயே நின்னேன்.”

“இத்தனை நாள் ஏம்மா சொல்லல?” என்று முதலாளி கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன், நல்ல பதில். அவர் அதைக் கேட்கவே இல்லை. சபாபதி சார் பக்கம் திரும்பினார்.

“நீங்க எதுக்குங்க அவளைச் சொன்னீங்க? வருசா வருசம் உங்க கையிதானே?”

சார் உடைந்துவிட்டார். இத்தனை வயசு மனுஷர், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். “தீட்டுங்க. பங்காளி வீட்ல எழவு. பூசை நின்னுபோயிருமேன்னு சொல்லாம வந்துட்டனுங்க. என்ற கையால தொடங்கக் கூடாதுன்னுதான் அந்தப் புள்ளையச் சொன்னேன். அப்பறம் பயந்துட்டனுங்க.”

ராமானந்தம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “தீட்டோட வந்து பூசையில நின்னீங்களா? அட ஈஸ்வரா! மாலை போட்ட மெஷின் முன்னாடியா? அதுதானே பார்த்தேன்! அதுதான் இப்புடி ஆயிருக்குது! அந்தப் புள்ளை என்ன பண்ணும் பாவம்!” என்று கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

எனக்குச் சிரிப்பதா, வாந்தியெடுப்பதா என்று தெரியவில்லை. ஊரார் ரத்தமும் சிறுநீரும் கர்ப்பமும் பட்டப்பகலில் திறந்து கிடந்தன. நாலு பேர் நின்று சிரித்தார்கள். டெங்குக்காரன் பிளேட்லெட் தெரியாமல் கிடந்தான். அதற்கெல்லாம் அசையாத மனுஷர் தீட்டு என்றதும் அரண்டுவிட்டார். “சார், தீட்டில்ல சார், டெம்ப்பு” என்றேன். “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார்.

சபாபதி சாரைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தீபாவளி கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். பொய் சொன்னதற்கு அல்ல. போகும்போது என் மேசையருகே நின்றார். “நல்லது பண்ணீங்க அம்மிணி” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

நவம்பர் 7, செவ்வாய்

மெஷினுக்குப் புண்ணியார்ச்சனை. ஐயர் மஞ்சள் தண்ணீரோடு நெருங்க நெருங்க, “சாமி, தண்ணி வேண்டாஞ் சாமி, ஷாக் அடிச்சுரும், அணைக்கவும் கூடாதுங்குறாங்க” என்று லோகு குறுக்கே விழுந்து தடுத்தான். கடைசியில் மாவிலையால் பக்கத்துச் சுவரில் தெளித்துவிட்டுப் போனார். டெம்ப்பை யாரும் தொடவில்லை. கருவியையும்தான். சாம்பிராணி நாற்றம் சாயங்காலம் வரை போகவில்லை.

நவம்பர் 8, புதன்

அபிஷா வந்தாள். முதலாளி மறுபடி வேலைக்கு வரச் சொன்னாராம், அவள் மாட்டேன் என்றாளாம். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் ஒரு குட்டிச் செடியையும் எடுத்துப் பையில் வைத்தாள். பென்சில் காதுக்குத் திரும்பியிருந்தது. நான்தான் போய்ப் பேசினேன்.

“எங்க போற?”

“ஊருக்கு. பிறகு திருவனந்தபுரத்துல பாக்கணும்.”

“அன்னைக்கே சொல்லியிருப்பேன் அபிஷா. உனக்கே ஞாபகமில்லையேன்னு...”

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது, நிதானமாக எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

“எனக்கு நல்ல ஞாபகம் உண்டு அக்கா. நீங்க எனக்க பின்னாலதான் நின்னிய. சுண்டல் தந்தியல்லா.”

“அப்புறம் ஏன் என் பேரைச் சொல்லல?”

“நான் சொல்லி, நீங்களும் இல்லன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? சார் ஒருத்தர் இல்லன்னு சொன்னதயே தாங்க முடியல்ல. நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்.” பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “சொன்னிய. சந்தோஷம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான்.

ஃப்ரிட்ஜைக் கழுவினேன். யாரும் சொல்லவில்லை. உள்ளே வைத்திருந்த தட்டுகளையெல்லாம் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். லோகு வந்து பார்த்து, “ஏங்க்கா, சுத்தமாத்தானே இருக்குது?” என்றான்.

நவம்பர் 10, வெள்ளி

நாளை மறுநாள் தீபாவளி. அதற்கு முன் லேபுகளுக்கு ஒரு பில்டு போக வேண்டும். அதைக் கட்டும் முன் கருவியில் கை வைத்தேன். ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாத புதுப் பெயரில், வேறு யாரும் நுழைய முடியாத தனி இடத்தில் அது எழுத வேண்டும். அதை லோகு நாளை செய்கிறான். இன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான். அதன் வாயை அடைத்த வரியை எடுத்துவிட்டேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன். எழுத முடியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், தடுப்பது யாருடைய கோப்பு என்று பெயர் சொல்ல வேண்டும்.

“சார் லீவுங்க. நீங்களே போணி பண்ணுங்க்கா” என்றான் லோகு.

“என் கையா?”

“உங்க கைக்கு என்னங்க?”

சார் பேரில் அவன் திறந்து கொடுத்த திரையின் முன் உட்கார்ந்தேன். பிறகு அழுத்தினேன்.

இரண்டு நொடி ஓடியது. நின்றது. லோகு வாயை அடைத்ததற்குப் பிறகு முதல் தடவையாகத் திரை சிவப்பாகக் கத்தியது. போன வெள்ளிக்கிழமை முதலாளிக்குச் செய்து காட்டுவதற்கு வைத்த கோப்பை நான் எடுக்க மறந்திருந்தேன், டெம்ப்பிலேயே கிடந்திருக்கிறது.

“பிள்ளையாரில் எழுத முடியவில்லை. கோப்புக்கு உரியவர்: வசந்தாமணி.”

லோகு சிரித்தான். நான் அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். பிறகு என் அக்கவுண்டுக்குள் போய் அந்தக் கோப்பை அழித்தேன், மறுபடி பில்டு போட்டேன்.